முணுமுணுப்பை அடக்க வேண்டாம், சொற்களை மாற்றுவோம்

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் உங்கள் மகள் இரவில் புத்தகத்தின் முன் தனக்குத்தானே முணுமுணுக்கிறாள் என்று கவலைப்பட்டுக் கோத்தகிரியிலிருந்து எழுதியிருந்தீர்கள். அதற்காக அஞ்ச வேண்டாம். சிறு பிள்ளைகள் சொப்பு வைத்து விளையாடும்போது உரக்கப் பேசிக்கொள்வதே, வளர வளர உள்ளுக்குள் இறங்கி, செயலை வழிநடத்தும் பேச்சாகிறது என்று ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி 1930களிலேயே விளக்கியிருக்கிறார்.

சனிக்கிழமை அவள் வந்தபோது வேதியியல் கணக்கு ஒன்றைக் கொடுத்து, மனத்தில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லச் சொன்னேன். “எனக்கு இது வராது” என்றாள். அடுத்து, “அம்மா கொழுந்து பறித்துக் கட்டிய பணம் வீணாகிவிடும்” என்றாள். இதை உங்களிடம் சொல்ல அவளே இசைந்தாள். பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்த அந்த இரண்டு நிமிடமும் கணக்கில் இருந்த எண்களை அவள் ஒருமுறைகூட வாசிக்கவில்லை. ஒரே நேரத்தில் மனம் ஏந்தக்கூடியது மிகக் கொஞ்சம். அந்த இடத்தைக் கவலை பிடித்துக்கொண்டால் கணக்குக்கு இடமேது?

“உன்னால் முடியும்” என்ற ஊக்கச் சொல் மட்டும் இங்கே போதாது என்பது என் கருத்து. அடுத்து எங்கே கை வைப்பது என்று சொல்லும் சொல் வேண்டும். “கொடுத்தது என்ன, கேட்டது என்ன, முதலில் கிராமை மோலாக மாற்று” என்று, தன்னையே பெயர் சொல்லி அழைத்துப் பேசச் செய்தேன்; கணக்கை முடித்துவிட்டாள். ‘நான்’ என்பதை விட்டுத் தன் பெயரால் தன்னோடு பேசுபவர்களுக்குப் பதற்றம் குறைவதை அமெரிக்க உளவியலாளர் ஈதன் கிராஸ் குழுவினர் 2014-இல் ஆய்வில் காட்டியுள்ளனர்.

மழைக்காலத்தில் கரண்ட் போவது நம் மலைக்குப் புதிதல்ல. “விளக்கு அணைந்தால், திரும்ப வந்ததும் விட்ட வரியிலேயே தொடங்குவேன்” என்று முன்கூட்டியே சொல்லிவைத்துக்கொள்ளட்டும். நீட் தேர்வில் 180 நிமிடத்தில் 180 கேள்விகள்; அங்கே வாய்விட்டுப் பேச இயலாது. ஆகவே இப்போது உரக்கவும், பிறகு உதடசைவாகவும், கடைசியில் மௌனமாகவும் பழகட்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள்: “எத்தனை மார்க்?” என்பதற்குப் பதிலாக, “இன்றைக்கு எந்த இடத்தில் சிக்கினாய்?” என்று கேளுங்கள். வீட்டில் கேட்கும் சொல்தான் இரவில் அவள் வாயில் வருகிறது. தூக்கமும் சாப்பாடும் கெட்டால் மட்டும் காத்திராமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்; 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணிலும் பேசலாம். அடுத்த சனிக்கிழமை அவள் வரும்போது, பாதியில் விட்ட கணக்குகள் உள்ள நோட்டையும் கொடுத்தனுப்புங்கள்.