‘முதல்’ என்ற சொல்: கேள்வி பதில்

கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. ஒரு நாளில் ‘முதல்’ என்ற சொல்லை எத்தனை முறை சொல்கிறேன், கேட்கிறேன் என்று எண்ணி முடியாது. இவ்வளவு பழகிய சொல்லில் இவ்வளவு குழப்பமா என்று கேள்விகளைப் படித்ததும் தோன்றியது. என்னால் முடிந்தவரை தெளிவாகச் சொல்கிறேன்.

கேள்வி: முதல், மூலதனம், அசல் மூன்றும் ஒன்றுதானா மேடம்?

அடிப்படைப் பொருள் ஒன்றுதான், புழக்கம் வேறு. ‘முதல்’ என்றால் தொடக்கம், அடி, வேர். ‘மூலதனம்’ வடமொழியிலிருந்து வந்தது, அதில் உள்ள மூலமும் வேர்தான். ‘அசல்’ அரபியிலிருந்து வந்தது, அங்கேயும் வேர் என்றுதான் பொருள். மூன்று மொழிகளும் பணத்தைப் பற்றி ஒரே மாதிரி யோசித்திருப்பது எனக்கு இன்றும் வியப்பு. எது வேராக நின்று மற்றதை வளர்க்கிறதோ, அது முதல்.

புழக்கத்துக்கு வருவோம். கடனில் வட்டி போக நிற்கும் தொகையை ‘அசல்’ என்கிறோம். தொழிலில் போட்டது ‘முதல்’. செய்தியிலும் வரிப் படிவத்திலும் ‘மூலதனம்’ என்று வரும். மூலதன ஆதாயம் என்றால் ஒரு சொத்தை வாங்கியதைவிடக் கூடுதலாக விற்றதில் கிடைத்த லாபம்.

கேள்வி: இந்தப் பொருள் புதிதாக வந்ததா? பழைய தமிழில் முதல் என்றால் ‘ஒன்றாவது’ மட்டும்தானே?

இல்லை. ‘முதலிலார்க்கு ஊதியம் இல்லை’ என்று 449வது குறள் தொடங்குகிறது. முதலும் ஊதியமும் அங்கேயே ஜோடியாக நிற்கின்றன. கோயில் கல்வெட்டுகளிலும் இந்த வழக்கம் உண்டு. ஒருவர் விளக்கெரிக்கப் பொன்னோ காசோ கொடுப்பார். அந்த முதலைத் தொடாமல், அதில் வரும் ‘பொலிசை’யைக் கொண்டு விளக்கு எரிய வேண்டும் என்பது ஏற்பாடு. பொலிசை என்றால் வட்டி. இன்று அறக்கட்டளைகளில் வைப்புநிதி போட்டு வட்டியை மட்டும் செலவு செய்கிறார்களே, அதே முறைதான்.

கேள்வி: முதல், முதலீடு. வித்தியாசம் என்ன?

முதல் + ஈடு. ‘இடு’ நீண்டு ‘ஈடு’ ஆனது, ‘கெடு’ நீண்டு ‘கேடு’ ஆன மாதிரி. முதலை இடுகிற செயலும், இட்ட தொகையும் முதலீடு. இன்று தொழிலில் எவ்வளவு நிற்கிறது என்று கேட்டால் அது முதல். ஐந்து வருடத்துக்கு முன் போட்டது முதலீடு. இடையில் லாபம் சேர்ந்து முதல் பெருகியிருக்கலாம், எடுத்துத் தின்று கரைந்தும் போயிருக்கலாம்.

விளம்பரங்களில் எதை வாங்கினாலும் ‘முதலீடு’ என்கிறார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. வருமானம் தராமல், விலையும் ஏறாமல் தேய்ந்து போகும் பொருளை வாங்குவது செலவு. தேவையான செலவாக இருக்கலாம், தவறே இல்லை. ஆனாலும் அதன் பெயர் செலவுதான்.

கேள்வி: நான் தையல் வேலை செய்கிறேன் அக்கா. கணக்கு எழுதக் கற்றுக்கொள்கிறேன். நான் போட்ட முதலை ஏன் ‘பொறுப்புகள்’ பக்கத்தில் எழுதச் சொல்கிறார்கள்? என் பணம் எனக்கே எப்படிக் கடனாகும்?

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. கணக்கில் நீங்கள் வேறு, உங்கள் தொழில் வேறு. தொழிலை ஒரு தனி ஆளாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆளிடம் நீங்கள் 50,000 கொடுத்தீர்கள். அவர் கையில் 50,000 இருக்கிறது, அது சொத்து. அதே 50,000 அவர் உங்களுக்குத் தர வேண்டியது, அது பொறுப்புப் பக்கம். அதனால்தான் முதல் = சொத்துகள் − பொறுப்புகள் என்கிறார்கள். வெளியாருக்குத் தர வேண்டியதைக் கழித்தால் மிஞ்சுவது உங்களுடையது.

இதைப் புரிந்துகொண்டால் ஒரு நல்லது நடக்கும். வீட்டுச் செலவுக்குக் கல்லாவிலிருந்து 2,000 எடுத்தால் அதைத் தொழில் செலவு என்று எழுத மாட்டீர்கள். ‘எடுப்புகள்’ என்று எழுதி, நீங்கள் போட்ட முதல் தொகையிலிருந்து குறைப்பீர்கள். ‘லாபம் வருகிறது, ஆனால் காசு நிற்கவில்லை’ என்று சொல்பவர்களின் நோட்டைத் திறந்து பார்த்தால், பல நேரம் இந்த எடுப்புகள்தான் எழுதப்படாமல் இருக்கும்.

கேள்வி: என் தையல் இயந்திரத்துக்குச் செய்யும் செலவெல்லாம் முதலினச் செலவா?

பல வருடம் பலன் தருவதற்குச் செய்வது முதலினச் செலவு, அன்றாடம் தொழிலை ஓட்டச் செய்வது வருவாயினச் செலவு. இயந்திரம் வாங்கியது முதலினச் செலவு. எண்ணெய், ஊசி, தேய்ந்த பெல்ட்டை மாற்றியது வருவாயினச் செலவு. காலால் மிதிக்கும் இயந்திரத்துக்கு மோட்டார் பொருத்தினால்? வேகம் கூடுகிறது, பல வருடம் பலன் தருகிறது, ஆகவே முதலினம். பழைய நிலையைக் காப்பாற்றவா, புதிய திறன் சேர்க்கவா என்று கேட்டுப் பாருங்கள், விடை வந்துவிடும்.

கேள்வி: ‘கொள்முதல்’ என்பதும் முதல் கணக்கில் சேருமா?

சேராது. விற்பதற்காகச் சரக்கு வாங்குவதுதான் கொள்முதல். அது வியாபாரக் கணக்குக்கு, அதாவது சரக்கு வாங்கி விற்றதில் கிடைத்த லாபத்தைப் பார்க்கும் கணக்குக்குப் போகும்.

கேள்வி: வீட்டுக் கடனுக்கு ஒரு வருடமாகத் தவணை கட்டுகிறேன். அசல் குறையவே இல்லையே, ஏமாற்றுகிறார்களா?

ஏமாற்று வேலை இல்லை, கணக்கு அப்படி. 10,00,000 கடன், ஆண்டுக்கு 9 சதவீத வட்டி, 20 வருடம் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 8,997. முதல் மாதம் வட்டி மட்டும் 7,500. அசலில் கழிவது 1,497தான். ஒரு வருடத்தில் கட்டியது ஏறக்குறைய 1,08,000, அசலில் குறைந்தது 18,700 அளவுதான். நாளாக ஆக அசல் பங்கு கூடும். கையில் உபரி கிடைக்கும்போது அசலில் கட்டினால், அதுவும் தொடக்க வருடங்களில் கட்டினால், மிச்சமாகும் வட்டி பெரியது. அதற்குக் கட்டணம் ஏதும் உண்டா என்று ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் நானே பட்டது ஒன்று உண்டு. என் கடனுக்குக் கூடுதல் தொகை கட்டியபோது, ‘இத்தொகையை முதலில் கழித்துக்கொள்ளவும்’ என்று கடிதம் எழுதினேன். அசலில் கழியுங்கள் என்ற பொருளில் எழுதினேன். படித்தவர் ‘முதலாவதாக’ என்று எடுத்துக்கொண்டார். அடுத்தடுத்த தவணைகளுக்கு முன்பணமாக வரவு வைத்துவிட்டார்கள். அசல் அப்படியே நின்றது. திருத்தி வாங்குவதற்குள் இரண்டு மாதம் ஓடிவிட்டது. இந்த இடத்தில் மட்டும் ‘அசலில் வரவு வைக்கவும்’ என்று எழுதுங்கள். அப்புறம் அடுத்த மாத அறிக்கையில் அசல் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: 4 லட்சம் முதல் போட்ட தொழில் மாதாமாதம் நஷ்டம். ‘போட்ட முதலாவது தேறட்டும், அப்புறம் மூடலாம்’ என்கிறார் கணவர். சரியா?

வருத்தம் புரிகிறது. ஆனால் இங்கே ‘முதல்’ என்ற சொல்லே கண்ணை மறைக்கிறது. அந்த 4 லட்சம் முழுதாக இப்போது இல்லை. இயந்திரமும் சரக்கும் இன்று விற்றால் 1.5 லட்சம் தேறும் என்றால், இன்றைய முதல் அந்த 1.5 லட்சம்தான். அதைத் தொடர்ந்து இதிலேயே வைக்கலாமா, வெளியே எடுத்து வேறு வழி பார்க்கலாமா என்பதுதான் கேள்வி. லாபத்தை எண்ணி இருக்கிற முதலையும் இழக்கும் காரியத்தில் அறிவுடையோர் இறங்க மாட்டார்கள் என்று 463வது குறள் சொல்கிறது. இருவரும் உட்கார்ந்து அடுத்த ஆறு மாதத்துக்கு வரவு, செலவு எழுதுங்கள். போன 4 லட்சத்தை அந்தத் தாளில் எங்கும் எழுதாதீர்கள்.

கேள்வி: ஒப்பந்தத்தில் ‘மேசை, நாற்காலி முதலிய பொருட்கள்’ என்று எழுதலாமா?

எழுதாதீர்கள். ‘முதலிய’ என்றால் பட்டியல் இன்னும் நீள்கிறது என்று பொருள், பின்னால் சண்டை வரும். எல்லாவற்றையும் எழுதி முடித்து ‘ஆகிய’ என்று போடுங்கள். தேதியிலும் கவனம்: ‘ஏப்ரல் 1 முதல்’ என்றால் 1ஆம் தேதியும் சேர்ந்தது. ‘ஏப்ரல் 1க்குப் பிறகு’ என்றால் 2ஆம் தேதிதான் தொடக்கம். வாடகை ஒப்பந்தமாக இருந்தால் அந்த ஒரு நாளைப் பேசி முடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.