காபியை நிறுத்தியதும் தலைவலி, மூன்று மணிக்குத் தூக்கம்

காபியை நிறுத்தியதிலிருந்து தலைவலி, பிற்பகல் மூன்று மணிக்கு வேலைநேரத்தில் தூக்கம், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். தினம் ஐந்து டம்ளர் ஃபில்டர் காபி குடித்துவிட்டு ஒரே நாளில் நிறுத்தினால் மண்டையிடி வராமல் என்ன செய்யும்? நிறுத்திய 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கி, இரண்டாம் நாள் உச்சத்துக்குப் போகும். சிலருக்கு ஒரு வாரம்கூட நீளும். அதனால் மறுபடி ஆரம்பித்து, மூன்று நாளுக்கு ஒருமுறை, தினசரி அளவில் ஒரு டம்ளரைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். மாலை காபியை முதலில் வெட்டுங்கள். காபியில் தூக்கத்தை விரட்டும் பொருள்தான் காஃபின். குடித்த காஃபினில் பாதி உடலைவிட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரமாகும். இரவுத் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான்.

ருசியை விட மனமில்லையென்றால் சிக்கரி கூடுதலாகக் கலந்த பொடி வாங்குங்கள். சிக்கரியில் காஃபின் கிடையாது. (காபிக்குப் பதில் கிரீன் டீ என்பார்கள். அதிலும் காஃபின் உண்டு.) தலைவலி மாத்திரை போடுமுன் அட்டையைப் படியுங்கள், சிலவற்றில் காஃபினே சேர்த்திருப்பார்கள்.

மூன்று மணித் தூக்கம் காபி குடிக்காததால் மட்டும் வருவதல்ல. பிற்பகலில் உடலின் விழிப்பு இயல்பாகவே தணியும். தட்டு நிறையச் சோறு அதை மோசமாக்கும். சோற்றைப் பாதியாக்கி, சுண்டலோ முட்டையோ சேர்த்து, சாப்பிட்டதும் பத்து நிமிடம் வெளிச்சத்தில் நடங்கள். முடிந்தால் அலாரம் வைத்து 20 நிமிடம் கண்ணயருங்கள். அரை மணியைத் தாண்டினால் ஆழ்தூக்கத்தில் இறங்கி, எழும்போது இன்னும் மந்தமாக இருக்கும். கணக்கு சரிபார்ப்பது போன்ற வேலையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். மூன்று மணிக்குத் தொலைபேசி அழைப்புகளை வைத்துக்கொள்ளலாம்.