சாம்பார் ஏன் புளித்தது?

கேள்வி: ‘கிருமி எதிர்ப்பு வெள்ளி கலந்தது’ என்று அச்சிட்ட பிளாஸ்டிக் டப்பாவில், இரவு மிஞ்சிய சாம்பாரைச் சூடாக ஊற்றி மூடி, அடுப்பு மேடையிலேயே வைத்தேன். காலையில் திறந்தால் நுரைத்துப் புளிச்ச வாடை. அப்படியானால் அந்த டப்பா கிருமியைக் கொல்லாதா?
– ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: கொல்லும் அம்மா, தன்னைத் தொடும் கிருமியை. பிளாஸ்டிக்கின் மேற்பரப்பிலிருந்து வெள்ளி அயனிகள் துளித்துளியாகத்தான் கசியும். டப்பாவின் நடுவில் கிடக்கும் பருப்புவரை அவை போவதில்லை. போகிற கொஞ்சத்தையும் சாம்பாரின் உப்பும் பருப்பின் புரதமும் பிடித்துக் கட்டிப்போட்டுவிடும். அந்த வெள்ளி டப்பாவைக் காக்கிறது, சாம்பாரை அல்ல.

கல்லூரி ஆய்வகத்தில் பல வருடம் கிருமியை அடக்கும் உணவு உறைகள் செய்து பார்க்கிற வேலையைத்தான் செய்தேன். இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் என்ற பொருளை நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் கரைத்து, கிராம்பு எண்ணெய் சேர்த்து, கண்ணாடித் தட்டில் ஊற்றிக் காயவைப்போம். வெங்காயச் சருகு மாதிரி மெல்லிய படலமாக உரிந்து வரும். அதில் நெற்றிப்பொட்டு அளவு வெட்டி, பாக்டீரியா தடவிய அகார் தட்டில் (கிருமி வளர்க்கும் கூழ் நிரப்பிய தட்டு) வைப்போம். மறுநாள் தட்டு முழுக்க வெள்ளையாகப் படர்ந்திருக்கும். பொட்டைச் சுற்றி மட்டும் தெளிந்த வளையம். அந்த வளையத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும். அதே படலத்தை வஞ்சிரத் துண்டில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்தோம். சும்மா வைத்த துண்டைவிடக் கூடுதலாகத் தாங்கியது. ஆனால் வறுத்தபோது கிராம்பு வாடை தூக்கி அடித்தது, இரண்டாவது துண்டை யாரும் எடுக்கவில்லை. கிருமியை அடக்கப் போதுமான அளவு நாக்குக்கு அதிகமாகிப் போவதுதான் இந்த ஆய்வின் பெரிய முட்டுக்கட்டை.

மீன் துண்டு, சீஸ் வில்லை போன்றவை மேற்பரப்பில்தான் முதலில் கெடும். உறை அங்கே ஒட்டியிருப்பதால் பலன் உண்டு. சீஸுக்குப் பயன்படும் நைசின் என்ற கிருமி எதிர்ப்புப் பொருள், பாலில் வாழும் பாக்டீரியாவே சுரப்பது. 1928-இல் கவனிக்கப்பட்டது, 1988-இல் அமெரிக்கா சிலவகைச் சீஸுக்கு அனுமதித்தது. ஆனால் வயிற்றுப்போக்கு தரும் சால்மோனெல்லா பாக்டீரியாவின் வெளிச்சவ்வை அது தனியாக ஊடுருவாது.

உங்கள் சாம்பாருக்கு வருவோம். கொதிக்க வைத்தாலும் சாகாத, விதை போன்ற வித்துகள் (ஸ்போர்கள்) சில பாக்டீரியாக்களுக்கு உண்டு. சூடாக மூடிய டப்பா வெதுவெதுப்பாகவே மணிக்கணக்கில் இருக்கும். அந்தப் பதத்தில் அவற்றில் ஒன்றான குளோஸ்ட்ரிடியம் பெர்ஃபிரின்ஜென்ஸ் சுமார் 10 நிமிடத்தில் இரட்டிக்கும். எனவே அகலத் தட்டில் ஊற்றி, தண்ணீரில் வைத்து ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். அதற்குப் பழைய எவர்சில்வர் பாத்திரமே போதும். புளித்த சாம்பாரைத் திரும்பக் கொதிக்க வைத்துச் சாப்பிட வேண்டாம், சில நச்சுகள் கொதியிலும் அழியாது.

கேள்வி: தின்பண்டப் பாக்கெட்டுக்குள் ‘சாப்பிடாதீர்கள்’ என்று கிடக்கும் பொட்டலத்தை எடுத்து வேறு டப்பாவில் போடலாமா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: உள்ளே இரும்புத்தூள் என்றால் வேண்டாம். அது துருப்பிடித்துத்தான் ஆக்சிஜனை இழுக்கும். 1977-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த உத்தி இது. பாக்கெட்டைப் பிரித்த சில மணி நேரத்தில் அதன் வேலை முடிந்துவிடும். சமைத்த ஈரமான உணவில் போடவே கூடாது: ஆக்சிஜன் இல்லாத இடம்தான் மேலே சொன்ன குளோஸ்ட்ரிடியத்துக்குப் பிடித்த இடம்.