கேம்பர் வேனின் தூக்குக் கூரைக் கீல் உடைந்துவிட்டது, நானே சரிசெய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம். ஆனால் புதுக் கீலை வாங்கி மாட்டுவதோடு நிறுத்தினால் அடுத்த கோடையில் இதே கேள்வியை மறுபடி கேட்பீர்கள். உங்களுடையதும் என்னுடையதைப் போல உள்ளேயே படுத்துத் தூங்கும்படி மாற்றிய பழைய ஃபோக்ஸ்வேகன் டி4 வேன், பிற்பாடு யாரோ கூரையை வெட்டி, தூக்கி இறக்கும் ஃபைபர் மூடி போட்டது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

நான் இருப்பது இங்கிலாந்தில். வேல்ஸ் கடற்கரையில் ஒரு காலையில் கூரையை இறக்கினால் ஒரு பக்கம் சரியாக உட்காரவில்லை, கொக்கி மாட்டவே இல்லை. பெல்ட் போட்டுக் கட்டி மெதுவாக ஓட்டி வந்தேன். பட்டறையில் காட்டியபோது முழுக் கூரையையும் மாற்றச் சொல்லி ஆயிரக்கணக்கான பவுண்டில் ஒரு விலை. மறுத்துவிட்டு நானே கழற்றினேன்.

பின்பக்க அலுமினியக் கீலில் விரிசல் இருந்தது. சரி, ஏன் வந்தது? எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) போல்ட்டை எந்தப் பூச்சும் இல்லாமல் அலுமினியத்தில் முறுக்கியிருந்தார்கள். இரண்டு உலோகமும் தொட்டுக்கொண்டு உப்பு ஈரமும் சேர்ந்தால் அலுமினியம்தான் அரிக்கும். வெள்ளைப் பொடியாகக் கொட்டியது. ஃபைபருக்கு உள்பக்கம் தாங்கு தகடும் கிடையாது, காசளவு வாஷர்தான். ஓட்டைகள் நீண்டு கூரையே ஆடிக்கொண்டிருந்தது. ஆடியதால்தான் கீல் உடைந்தது.

அதனால் ஓட்டையிலிருந்து தொடங்குங்கள். கூரையை முழுக்கத் தூக்கி, மரக்கட்டையால் இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்த பிறகுதான் கேஸ் ஸ்ட்ரட்டை (கூரையைத் தூக்கிப் பிடிக்கும், வாயு அடைத்த தண்டு) தொட வேண்டும். மூடிய நிலையில் அது அழுந்திக் கிடக்கும், அப்போது கழற்றினால் முகத்தில் அடிக்கும். இரண்டு கீலையும் ஒரே நேரத்தில் எடுக்காதீர்கள், கூரை நகர்ந்தால் மறுபடி நேராக்குவது பெரும்பாடு. ஓட்டையைச் சுற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கண்ணாடி இழைத் துணியும் எபாக்சியும் (கலந்து பூசினால் கெட்டியாகும் பசை) வைத்து அடைத்து, காய்ந்தபின் புதிதாகத் துளையிடுங்கள். குளிரில் எபாக்சி இறுகாது, வெயில் நாளாகப் பாருங்கள். உள்ளே அகலமான அலுமினியத் தகடு, போல்ட்டுக்கு உலோக அரிப்பைத் தடுக்கும் பசை, தளராத நைலான் நட்டு. அவ்வளவுதான்.

"உயிர் விஷயம், நிபுணரிடம் விடு" என்று கீழே எழுத வருபவர்களுக்கு: வண்டியின் தகரமே துருப்பிடித்திருந்தாலோ, கூரை வெட்டிய இடத்தில் வைத்த இரும்புச் சட்டம் பற்று விட்டிருந்தாலோ நானும் வெல்டரிடம்தான் போவேன். நான் சொல்வது கீலுக்கும் ஃபைபருக்கும் மட்டும்.

இதையெல்லாம் தெருவில் நின்று செய்துகொண்டிருக்கையில் சொந்தக்காரர் ஒருவர், "ஏன் தம்பி, ஓட்டலில் ரூம் போட வசதி இல்லையா?" என்றார். வருஷம் இரண்டு முறை ஊருக்குப் போய் ஏசி அறையை விட்டு வெளியே வராதவர் அவர். கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னாலும் இதையே கேட்கிறார். வீட்டுக் கடன் எவ்வளவு பாக்கி என்று நான் அவரைக் கேட்டேனா?

சரி, விடுங்கள். ஒன்று விட்டுப்போனது: போல்ட்டைச் சுற்றி அடைக்க பாலியூரிதேன் சீலன்ட் வாங்குங்கள். குளியலறைச் சிலிக்கோனைப் பூசிவிட்டால் பிறகு அந்த இடத்தில் பெயின்ட்கூட ஒட்டாது.