பகலில் அனல், விடியலில் சொட்டு: தகரக் கூரைக்கு என்ன வழி?

கேள்வி: மாங்குளத்துக்கு அருகில் தகரக் கூரை வீட்டில் இருக்கிறோம். சித்திரை வெயிலில் மின்விசிறி முழு வேகத்தில் சுழன்றாலும் உடம்பு எரிகிறது. தை மாதத்திலோ விடியற்காலையில் அதே கூரையின் உட்புறத்திலிருந்து படுக்கையில் தண்ணீர் சொட்டுகிறது. கூரையில் ஓட்டை எதுவும் இல்லை. வெள்ளை பெயின்ற் அடிப்பதா, சீலிங் போடுவதா? உயர்தரம் படிக்கும் மகளுக்கு இன்னொரு சந்தேகம்: வளிமண்டலத்தின் உச்சியில் வெப்பநிலை ஆயிரம் பாகையைத் தாண்டும் என்கிறார்கள், விண்வெளி வீரர்கள் ஏன் வெந்துபோவதில்லை?

பதில்: மகளின் கேள்வியை முதலில் எடுக்கிறேன். உங்கள் கூரையின் நோவு அதற்குள்தான் இருக்கிறது.

வெப்பநிலை என்பது துணிக்கைகள் எவ்வளவு வேகமாக ஓடுகின்றன என்பதற்கான அளவு. எத்தனை துணிக்கைகள் ஓடுகின்றன என்று அது சொல்லாது. சர்வதேச விண்வெளி நிலையம் சுற்றும் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் உயரத்தில் வாயுத் துணிக்கைகளின் வேகம் அதிகம், எண்ணிக்கை மிகச் சொற்பம். மத்தாப்புப் பொறி கையில் விழுந்தால் சுருக்கென்பதோடு சரி. ஒரு கரண்டி கொதிநீர் விழுந்தால் கொப்புளம். நிலையத்தைச் சூடாக்குவது அங்குள்ள காற்றல்ல, சதுர மீற்றருக்கு 1361 வாற்று வீதம் நேரே வந்து விழும் சூரியக் கதிர். வெயில் படும் பக்கம் 100 பாகை செல்சியஸைத் தாண்டுகிறது. நிழல் பக்கம் பூச்சியத்துக்குக் கீழே 100 பாகைக்கும் அப்பால் இறங்குகிறது. உள்ளே சேரும் வெப்பத்தை அள்ளிச் செல்லக் காற்று இல்லாததால், அமோனியா ஓடும் அகன்ற தகடுகளை விரித்து, கண்ணுக்குத் தெரியாத கதிர்களாகவே அதை வெளியே வீசுகிறார்கள்.

இனி உங்கள் வீடு. சித்திரைப் புத்தாண்டை ஒட்டி வன்னியில் சூரியன் நண்பகலில் நேர் உச்சியில் நிற்கிறது. தகரம் 60 பாகையைத் தாண்டுவது சாதாரணம். வெப்பக் கதிர்வீசல் தனி வெப்பநிலையின் (பூச்சியத்துக்குக் கீழே 273 பாகையிலிருந்து எண்ணும் வெப்பநிலையின்) நான்காம் படியாக ஏறும். 27 பாகையில் சதுர மீற்றருக்குச் சுமார் 460 வாற்று வீசக்கூடிய ஒரு கறுத்த பரப்பு, 67 பாகையில் 760 வாற்று வீசும். துருப்பிடித்த தகரம் இதிலிருந்து அதிகம் விலகாது. அந்தக் கதிர் காற்றைப் பொருட்படுத்தாமல் நேரே உங்கள் தோலில் விழுகிறது. மின்விசிறி மேற்காவுகைக்கும் (ஓடும் காற்று வெப்பத்தை அள்ளிச் செல்வதற்கும்) வியர்வை ஆவியாவதற்கும் உதவும், கதிரைத் தடுக்காது. ஆகவே இன்னொரு மின்விசிறி வாங்கும் காசை மிச்சப்படுத்துங்கள்.

தை மாதச் சொட்டும் கதிர்வீசலின் வேலைதான், இம்முறை எதிர்த்திசையில். மேகமற்ற இரவில் கூரை தன் வெப்பத்தை வானத்தை நோக்கி வீசுகிறது. வளிமண்டலம் அதில் ஒரு பகுதியைத் தடுக்காமல் விட்டுவிடுவதால், அது பூச்சியத்துக்குக் கீழே 270 பாகையிலிருக்கும் விண்வெளிக்குப் போய்விடுகிறது. திரும்பி வருவது குறைவு. எனவே தகரம் சுற்றியுள்ள காற்றைவிடச் சில பாகை குளிர்ந்துபோகிறது. உங்கள் மூச்சும் சமையல் ஆவியும் அதன் அடியில் ஒடுங்கி நீராகின்றன. மப்பான இரவுகளில் சொட்டு நின்றுவிடுகிறதா என்று பாருங்கள். நின்றால் காரணம் இதுவே. ஓட்டை தேடி ஏணி ஏற வேண்டாம்.

பெயின்ற்றா, சீலிங்கா? ஒன்றுக்குத்தான் வசதி என்றால் சீலிங். கூரைக்கும் அதற்கும் இடையே ஒரு முழமாவது இடைவெளி விட்டு, முகட்டிலும் இறவாரத்திலும் காற்று போய்வர வழி வையுங்கள். சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் பக்கத்துத் திறப்பை அடைத்துவிடாதீர்கள். பகலில் கதிரைச் சீலிங் மறிக்கும், இடையில் சூடேறும் காற்று முகட்டால் வெளியேறும். இரவில் வீட்டின் ஈரக்காற்று தகரத்தை எட்டுவது குறையும். கிடுகோ பனையோலைப் பாயோ போதும். ஆனால் அடுப்படிக்கு மேலே வேண்டாம். மின்கம்பி போகும் இடத்திலும் எச்சரிக்கை. பளபளக்கும் அலுமினியத் தாள் விற்கிறார்களே, அதுவும் நல்லதுதான். தகரத்தோடு ஒட்டிவிட்டால் கடத்தலால் சூடு உள்ளே வந்துவிடும். பளபளப்பான பக்கம் காற்று இடைவெளியைப் பார்த்திருக்க வேண்டும்.

வெள்ளை பெயின்ற் அடுத்த ஆண்டுக்கு இருக்கட்டும். அது வெயிலைத் திருப்பும், ஏறிய சூட்டையும் எளிதாக வீசிவிடும். புதுத் தகரம் பளபளப்பதால் வெயிலைத் திருப்பினாலும், ஏறிய சூட்டை வீசுவதில் மந்தம். அப்படிப் பளபளக்கும் தகரத்தில் வெள்ளை பூசினால் இரவிலும் கூரை கூடுதலாகக் குளிரும் என்பதைக் கடையில் சொல்லமாட்டார்கள். சீலிங் இல்லாமல் அதை மட்டும் பூசினால் தை மாதச் சொட்டு கூடலாம். மலிவென்று சுண்ணாம்பு அடிக்காதீர்கள். மாரி மழை கழுவிவிடும், ஈரச் சுண்ணாம்பு தகரத்தின் நாகமுலாமையும் (துத்தநாகப் பூச்சையும்) அரிக்கும்.