ஆடு மேய்க்கும் சிறுவனும் எட்டு வீரர்களும்

அன்புள்ள ஐயா,

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிறேன். போன வாரம் மகனோடு உட்கார்ந்து 'பிராவோ டூ ஜீரோ' படம் பார்த்தேன். 1991 வளைகுடாப் போரில் ஈராக்குக்குள் இறக்கிவிடப்பட்ட எட்டு பிரிட்டிஷ் அதிரடிப்படை வீரர்களின் கதை. அவர்கள் பதுங்கியிருக்கும் இடத்தை ஆடு மேய்க்கும் சிறுவன் ஒருவன் பார்த்துவிடுகிறான். அதிலிருந்து எல்லாமே கெட்டுப் போகிறது. பிளஸ் டூ படிக்கும் என் மகன், "அவனை அங்கேயே சுட்டிருந்தா எல்லாரும் தப்பிச்சிருப்பாங்க" என்றான். எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் அவனுக்கு என்ன பதில் சொல்வதென்றும் தெரியவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகர், ஏற்காடு

அன்புள்ள நண்பருக்கு,

ஆயுதம் இல்லாத ஒரு பிள்ளையைச் சுடுவது 1949 ஜெனீவா உடன்படிக்கைப்படி போர்க்குற்றம். அந்த உடன்படிக்கையே இல்லாவிட்டாலும் அது கொலை. இதை உங்கள் மகனிடம் தயங்காமல் சொல்லுங்கள். ஆனால் அவன் கேட்பது வேறு: சுட்டிருந்தால் தப்பித்திருப்பார்களா? மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

என் அம்மாவின் ஊர் சேர்வராயன் மலையடிவாரத்தில். மாமா வெள்ளாடு வைத்திருந்தார். பத்து வயதில் நாங்கள் மூன்று பேர் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு, கரட்டுக்குப் பின்னால் இருந்த ஓடையில் போய் ஒளிந்துகொண்டோம். அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. தொரட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மாமா நேராக எங்கள் தலைக்கு மேலே வந்து நின்றார். எப்படித் தெரிந்தது என்று கேட்டோம். "ஆள்காட்டி கத்துது, ஆடு இந்தப் பக்கம் வர மாட்டேங்குது. அப்புறம் என்ன?" என்றார். ஆள்காட்டிக் குருவிக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. ஒரு நிலத்தில் தினமும் மேய்க்கிறவருக்கு அங்கே புதிதாக ஒரு கல் கிடந்தாலும் கண்ணில் பட்டுவிடும்.

அந்த எட்டுப் பேர் பதுங்கியதும் வறண்ட ஓடை ஒன்றில்தான். சுற்றிலும் மறைவே இல்லாத கல்தரை. இஸ்ரேல் மீது ஈராக்கின் ஸ்கட் ஏவுகணைகள் பறந்துகொண்டிருந்த நேரம் அது. ஏவுதளங்களையும் தகவல் தொடர்புக் கம்பிகளையும் தேடிப் போனவர்கள் அவர்கள். பத்து வருடம் கழித்து, 2001-இல், மைக்கேல் ஆஷர் அதே இடத்துக்குப் போனார். அவரும் அதே படையில் இருந்தவர், அரபி பேசுபவர். ஓடைக்குப் பக்கத்திலேயே, பாலைவனத்தில் ஆடு மேய்த்து வாழும் பெதூயின் அரபுக் குடும்பம் ஒன்று குடியிருந்தது. அவர்கள் சொன்ன கதையே வேறு. வீரர்களைப் பார்த்தது ஆடு மேய்த்த சிறுவன் இல்லை, புல்டோசர் ஓட்டி வந்த ஒருவர். அப்புறம் துப்பாக்கியோடு வந்தவர்களும் அந்த வீட்டு ஆட்கள் சிலர்தான் என்றார்கள். படத்தில் நாம் பார்க்கும் பெரும்படை அவர்கள் கதையில் இல்லை. ஆக, சிறுவனைச் சுட்டிருந்தால் அந்தப் பிணத்தைத் தேடி ஒரு குடும்பமே வந்திருக்கும். நம் கண்ணுக்கு அது எதிரிப் பகுதி. அவர்களுக்கு அது வீட்டு வாசல்.

இன்னொன்று. அந்த வீரர்களைச் சாகடித்தது எது என்று கணக்குப் பாருங்கள். எட்டுப் பேரில் மூன்று பேர் இறந்தார்கள். குண்டடி பட்டு இறந்தவர் ஒருவர்தான். மற்ற இருவரையும் கொன்றது குளிர். ஒருவர் இரவு நடையில் பின்தங்கி, உடல் சூடு இறங்கி இறந்தார். இன்னொருவர் யூப்ரடீஸ் ஆற்றை நீந்திக் கடந்த பிறகு. ஏற்காட்டில் இருக்கிற உங்களுக்கு நான் குளிரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மார்கழிப் பனியில் நனைந்த சட்டையோடு காற்றில் நின்றால் விரல் மரத்துப் போகும், பொத்தான்கூடப் போட வராது. அங்கே வெண்பனியும் பெய்தது. உடல் சூடு இன்னும் இறங்கினால் பேச்சு குழறும், புத்தி தடுமாறும், ஒரு கட்டத்தில் குளிர்கிறது என்பதே தெரியாமல் போகும். பாலைவனத்துக்குப் போகிறோம் என்று வந்தவர்களிடம் அதற்கான உடுப்பு போதவில்லை. வண்டி வேண்டாம் என்று முடிவு செய்ததால் ஆளுக்குச் சுமார் 95 கிலோ சுமை. ரேடியோவுக்குக் கொடுத்திருந்த அலைவரிசைகளோ தவறானவை. கூப்பிட்டால் பதில் வரவில்லை. இதில் எதற்கும் அந்தப் பையன் காரணம் இல்லை. நான்கு பேர் பிடிபட்டார்கள். ஒருவர் மட்டும் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் நடந்து சிரியாவுக்குள் போய்ச் சேர்ந்தார்.

2005-இல் ஆப்கானிஸ்தானின் குனார் மலைகளிலும் இதே நிலைமை வந்தது. நான்கு அமெரிக்க வீரர்கள், எதிரே ஆடு மேய்ப்பவர்கள். சுடாமல் விட்டார்கள். பிறகு நடந்த சண்டையில் நான்கில் மூன்று பேர் இறந்தார்கள், காப்பாற்ற வந்த ஹெலிகாப்டரில் இருந்த 16 பேரும் இறந்தார்கள். உங்கள் மகன் இதைக் கேட்டால், "நான் சொன்னதுதானே" என்பான். சரி, அவனிடம் மீதியையும் சொல்லுங்கள். உயிர் பிழைத்த அந்த ஒருவரைத் தன் வீட்டில் வைத்து, தாலிபான் வந்து கேட்டும் விட்டுக்கொடுக்காமல் காப்பாற்றியது அதே மலையில் இருந்த ஒரு கிராமத்து மனிதர். அந்த மண்ணின் மனிதர்கள் என்றாலே காட்டிக்கொடுப்பவர்கள் என்று வைத்துக்கொண்டால், இந்த மனிதருக்கு அவன் எங்கே இடம் கொடுப்பான்?

உங்கள் தோட்டத்துப் பக்கம் ஆடு ஓட்டிப் போகிறவர் யாராவது இருப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனை அவரோடு அனுப்புங்கள். சோலைக்குள் எங்கேயாவது ஒளிந்துகொள்ளச் சொல்லுங்கள். எத்தனை நிமிடத்தில் கண்டுபிடித்தார் என்று மகனையே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.