லேவியராகமத்தைத் தாண்டிவிடலாமா?

கர்த்தருக்குள் அன்பான ஐயா,

ஸ்தோத்திரம். எங்கள் சபையின் வாலிபர் கூட்டத்தை நான் நடத்துகிறேன். வேதத்தை ஆதியாகமத்திலிருந்து வரிசையாகப் படிப்போம் என்று தொடங்கினோம். லேவியராகமம் வந்ததும் ஆள் குறைந்துவிட்டது. பலியும் குஷ்டமும் இரண்டுவித நூல் கலந்த வஸ்திரமும் நமக்கு எதற்கு, இயேசு சொன்னது போதாதா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். உண்மையில் எனக்கும் அந்தக் கேள்வி உண்டு. குழந்தைகளைக் கல்லின்மேல் மோதச் சொல்லும் 137ஆம் சங்கீதத்தை வாழ்க்கைக்கு வழிகாட்டி என்று எப்படிச் சொல்வேன்? சுவிசேஷங்களையும் சில நிருபங்களையும் மட்டும் வைத்துக்கொண்டால் என்ன தவறு?

ஒரு வாசகர், பாளையங்கோட்டை

அன்புள்ள தம்பிக்கு,

இயேசு சொன்னது போதும் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் லேவியராகமம் நம்மை விடாது. தன்னைப்போல் பிறனையும் நேசிக்கச் சொல்லும் கட்டளையை அவர் எடுத்தது அதன் 19ஆம் அதிகாரத்திலிருந்துதான். வனாந்தரத்தில் சோதனைக்காரனுக்கு அவர் கொடுத்த மூன்று பதில்களும் உபாகமத்தில் உள்ளவை. சோதனைக்காரனும் அங்கே வசனம்தான் சொன்னான், 91ஆம் சங்கீதத்திலிருந்து. ஆனால் அந்த வசனத்தில் உள்ள 'உன் வழிகளிலெல்லாம்' என்ற சொற்கள் அவன் வாயில் வரவில்லை. வேதத்தின் இன்னொரு இடத்தைக் காட்டித்தான் இயேசு அவனுக்குப் பதில் சொன்னார்.

வேதவாக்கியங்களெல்லாம் உபதேசத்துக்கும் கடிந்துகொள்ளுதலுக்கும் பிரயோஜனமுள்ளவை என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினாரே, அந்தப் பிள்ளை சிறுவயதுமுதல் அறிந்திருந்த வேதம் பழைய ஏற்பாடுதான். சுவிசேஷங்கள் அவன் கைக்கு எட்டாத காலம் அது.

வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும் ஆசை பழையது. இரண்டாம் நூற்றாண்டில் மார்சியோன் என்ற போதகர் பழைய ஏற்பாட்டை முழுவதுமாகத் தள்ளி, லூக்காவையும் பவுலின் பத்து நிருபங்களையும் மட்டும், அவற்றையும் வெட்டி, வைத்துக்கொண்டார். 144இல் ரோமாபுரி சபை அவரை விலக்கியது. ஆனால் நீங்கள் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லவேண்டியது இன்னொரு வெட்டைப் பற்றி.

1807இல் லண்டனில் ஒரு வேதாகமம் அச்சானது, மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாயிருந்த ஆப்பிரிக்கர்களுக்காக. பழைய ஏற்பாட்டில் ஏறக்குறையப் பத்தில் ஒன்பது பங்கும், புதிய ஏற்பாட்டில் பாதியளவும் அதில் இல்லை. எகிப்தில் யோசேப்பு உண்மையாய் ஊழியம் செய்த கதை இருந்தது. அதே எகிப்திலிருந்து இஸ்ரவேலர் விடுதலையாகிப் புறப்பட்ட கதை இல்லை. வேலைக்காரர் எஜமான்களுக்குக் கீழ்ப்படியவேண்டும் என்ற எபேசியர் வசனம் இருந்தது. கிறிஸ்துவுக்குள் அடிமையென்றும் சுயாதீனனென்றுமில்லை என்ற கலாத்தியர் வசனம் இல்லை. அச்சிட்டவர்கள் ஒரு பொய்யைக்கூடச் சேர்க்கவில்லை. அதில் இருந்த ஒவ்வொரு வரியும் வேதவசனமே. எடுத்ததிலும் விட்டதிலும்தான் அநியாயம் இருந்தது. இதை அறிந்த நாள்முதல், வேதத்தில் எனக்குப் பிடித்த பகுதி எது என்று யாராவது கேட்டால், பிடிக்காத பகுதி எது, ஏன் பிடிக்கவில்லை என்றுதான் முதலில் யோசிக்கிறேன்.

முழு வேதத்தையும் ஏற்பது என்றால் எல்லா வரியையும் ஒரே தராசில் வைப்பதல்ல. ஒற்தலாமில், அதாவது புதினாவில்கூட, தசமபாகம் கொடுத்தவர்களிடம் இயேசு என்ன சொன்னார்? நீதியும் இரக்கமும் விசுவாசமும் விசேஷித்தவை. இவைகளையும் செய்யவேண்டும், அவைகளையும் விடாதிருக்கவேண்டும் என்றார். பலிகள் கிறிஸ்துவில் நிறைவேறின என்பதை எபிரெயர் நிருபமும், போஜன விலக்குகள் எப்படி நீங்கின என்பதை அப்போஸ்தலர் நடபடிகள் 10ஆம் அதிகாரமும் சொல்கின்றன. எது நிறைவேறிவிட்டது, எது இன்றும் நம்மைக் கட்டுகிறது என்பதை வேதமே சொல்லித் தருகிறது. அதற்கு முழுவதும் படித்திருக்க வேண்டும்.

நூல் கலந்த வஸ்திரத்தைப் பற்றிய வசனம் 19ஆம் அதிகாரத்தில்தான் இருக்கிறது. அதற்காக அந்த அதிகாரத்தையே தாண்டினால் எதை இழப்போம் பாருங்கள். அறுக்கும்போது வயலின் ஓரத்தை எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு. செவிடனை நிந்திக்காதே. கள்ளத் தராசு வைக்காதே. கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடத்தில் இருக்கலாகாது. ஞாயிறு ஆராதனையில் கண்ணீரோடு பாடிவிட்டு, வீட்டு வேலைக்கு வரும் அம்மாவின் சம்பளத்தைப் பத்தாம் தேதிவரை இழுக்கிற குடும்பங்கள் நம் சபைகளில் இல்லையா? பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதும்போது மோசேயின் குரல்தான் அதில் கேட்கிறது.

சங்கீதம் 137 எருசலேம் இடிந்து, பிள்ளைகளைப் பறிகொடுத்து, பாபிலோன் ஆறுகளருகே உட்கார்ந்து அழுதவர்களின் ஜெபம். வேதத்தில் பதிவாகியிருப்பதெல்லாம் நாம் செய்வதற்கான கட்டளை அல்ல. தாவீதின் விபசாரமும்தான் அதில் எழுதப்பட்டிருக்கிறது. அவர்கள் பழியைத் தங்கள் கையில் எடுக்காமல், மனதில் இருந்ததை மறைக்காமல் தேவனிடம் கொட்டினார்கள். பழிவாங்குதல் எனக்குரியது என்று கர்த்தர் சொல்வதை ரோமர் 12இல் சேர்த்துப் படியுங்கள். சத்துருக்களைச் சிநேகியுங்கள் என்ற இயேசுவின் கட்டளையையும் கூடவே படியுங்கள். இவ்வளவு கோபம் கொண்ட மனிதனிடம்தான் அந்தக் கட்டளை பேசுகிறது என்பது அப்போது விளங்கும்.

புதுவருஷ ஆராதனையில் நாம் எடுக்கும் வாக்குத்தத்த அட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. எரேமியா 29:11 பல வீடுகளின் சுவரில் இருக்கிறது, இருக்கட்டும். அது சிறைப்பட்டுப்போனவர்களுக்கு எழுதிய கடிதத்தின் ஒரு வரி. விடுதலைக்கு எழுபது வருஷம் ஆகும் என்று முந்தின வசனம் சொல்கிறது. உங்களைச் சிறைப்படுத்திய பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்கிறது 7ஆம் வசனம். அந்த 7ஆம் வசனம் எழுதிய அட்டை ஒருபோதும் யார் கைக்கும் வந்து நான் பார்த்ததில்லை.

ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டதோடு நிறுத்தவில்லை. 1719இல் தரங்கம்பாடியில் மரிக்குமுன் பழைய ஏற்பாட்டின் தமிழாக்கத்தில் ரூத் வரை வந்துவிட்டார். நம் பிள்ளைகள் அலுத்துப்போகும் அதே லேவியராகமத்தை வரிவரியாகத் தமிழாக்க, உடல்நலமில்லாத அந்த மனிதருக்கு மனம் இருந்தது.

அடுத்த வாரம் 19ஆம் அதிகாரத்தை மட்டும் எடுங்கள். அதற்கடுத்த வாரம் 16ஆம் அதிகாரத்தையும் எபிரெயர் 9ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஐந்துபேர் வந்தாலும் போதும், எண்ணாகமத்துக்குள் போய்விடுங்கள். அதன் 27ஆம் அதிகாரத்தில் செலொப்பியாத்தின் ஐந்து குமாரத்திகள் மோசேக்கும் பிரபுக்களுக்கும் முன்னால் நின்று தகப்பனின் சொத்தில் பங்கு கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயம் என்று கர்த்தரே சொல்கிறார். உங்கள் கூட்டத்துப் பெண்பிள்ளைகளுக்கு அதை நீங்கள் வாசித்துக் காட்டவேண்டும்.